இணைச்சீருக்கு வேறு ஆள்

ஜெயப்பிரியாவுக்குக் கோபம் வந்தால் அந்தக் குடும்பத்தில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மாத்திரை போட்டாயா என்றுதான் கேட்பார்கள். குழம்பில் உப்பு இல்லை என்று அவள் மெதுவாகச் சொன்னால் அது வெறும் உப்பு. அதையே கொஞ்சம் குரல் உயர்த்திச் சொல்லிவிட்டால் அம்மா சின்னாயி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளின் முகத்தையே உற்றுப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரன் வாசலில் குப்பையைத் தள்ளினால் ஊரில் எவளும் சண்டைக்குப் போகலாம். இவள் போனால் அது வியாதி. மற்றவர்களுக்கு மூக்குக்கு மேலே வருகிற கோபம் இவளுக்கு மட்டும் மூளையிலிருந்து வருகிறதாம்.

வியாதி இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் பைபோலார் என்று எழுதியிருக்கும். கல்யாணமான புதிதில், தூக்கமே இல்லாமல் நாள்கணக்காகப் பேசிக்கொண்டே இருந்து, எருமப்பட்டிச் சந்தையில் கண்ணில் பட்ட அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு கோழிப்பண்ணை வைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தாள். அப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்தவள் தலை சீவக்கூட எழவில்லை. அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்த தம்பி இனியன்தான் அவளைக் காரில் ஏற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டு, சேலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் அழுதுகொண்டே கூட்டிப்போனான். அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் மருந்தை விட்டதில்லை. கடைசி முறை நிலை தவறி ஆறு வருடம் ஆகிவிட்டது. நாமக்கல்லில் முட்டை ஏஜென்சி ஒன்றின் அலுவலகத்தில் போனில் ஆர்டர் எடுக்கிறாள். புருஷன் நந்தகுமார் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறான். சம்பளம், வாடகை, சீட்டு, சண்டை, சமாதானம் எல்லாம் எல்லோரையும் போலத்தான்.

ஒன்று மட்டும் எல்லோரையும் போல இல்லை. கையில் நாலைந்து சாமானை ஒன்றாக வாங்கினால் ஒன்று நழுவுமே, அப்படி அவள் நினைவிலிருந்து நழுவும். பழையதெல்லாம் பத்திரமாக இருந்தது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் கட்டியிருந்த சேலை நிறம் கேட்டால் சொல்வாள். இந்த நிமிஷத்தில் சொன்னதை அடுத்த நிமிஷம் வரை பிடித்து வைத்திருப்பதுதான் சிரமம். பாலக்காட்டுக்காரர் போனில் ஆர்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதலாளி எதையாவது கேட்டுவிட்டால் பாலக்காடு போய்விடும். அதனால் கேட்கக் கேட்க எழுதிக்கொள்வாள். முதலாளியிடமும் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள், நான் போன் பேசும்போது நீங்கள் பேசாதீர்கள் என்று. அவருக்கு முட்டை சரியாகப் போய்ச் சேர்ந்தால் போதும். பேசாமல் இருந்தார்.

சேலத்தில் அவளைப் பார்க்கும் டாக்டர் தமிழ்ச்செல்வி ஒரு ஆராய்ச்சிக்கு வருகிறீர்களா என்று கேட்டபோது உடனே சரி என்றாள். ஸ்கேன் குழாய்க்குள் படுக்க வைத்து, கண்ணுக்கு மேலே ஒரு கண்ணாடியில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். இப்போது வரும் எழுத்து, ஒன்று விட்டு அதற்கு முன்னால் வந்த எழுத்தாக இருந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். மிஷினோ பட்டறையில் தகடு அடிப்பது போல இடித்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு வியர்த்துவிட்டது. எழுத்து வரும், பிடிப்பாள், அடுத்தது வரும், முந்தியது நழுவும். வெளியே வரும்போது பரீட்சையில் தோற்றவளைப் போல வந்தாள்.

பிறகு ஒரு நாள் டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டிச் சொன்னாள். "பாருங்க ஜெயப்பிரியா, இந்த மாதிரி வேலைக்கு நெத்திக்குப் பின்னாடி இருக்கற இந்த இடம் நல்லா ஓடணும். உங்களுக்கு அது கொஞ்சம் மெதுவா ஓடுது. அதுக்குப் பதிலா வேற சில இடம் சேந்து இழுக்குது. நோய் அடங்கி இருக்கற காலத்துலயும் இந்த வியாதிக்காரங்க சில பேருக்கு இது மீதி நிக்கும். சோம்பேறித்தனமும் இல்ல, அக்கறை இல்லாததும் இல்ல. அறிவு கொறஞ்சுபோச்சுன்னும் அர்த்தம் இல்ல. உங்க மூளை அடுத்தவங்கள விட அதிகமாப் பாடுபடுது, அவ்வளவுதான்."

அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருடமாக மறதிக்காரி, கவனம் கெட்டவள், சொன்னதைக் காதில் வாங்காதவள் என்று வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் இந்தக் கட்டைவிரல் அகல இடத்துக்காகத்தானா? அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முதல் போன் இனியனுக்குத்தான் போட்டாள். "டேய், என் தப்பு இல்லடா. டாக்டரே படத்துல காட்டிட்டாங்க." அவனும் "ரொம்ப சந்தோசங்க்கா" என்றான். அந்த சந்தோஷத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

இனியனுக்குப் பள்ளிபாளையத்தில் பெண் பார்த்தார்கள். சரிதா என்று பெயர், தறிப்பட்டறை வைத்திருக்கும் குடும்பம். நிச்சயத்தன்று அம்மாவின் எருமப்பட்டி வீட்டில் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஜெயப்பிரியா காலையிலிருந்து உட்காரவில்லை. பெண் வீட்டார் வந்து அமர்ந்ததும் சின்னாயி மகளைக் கூப்பிட்டு மூச்சு விடாமல் சொன்னாள்: "உள்ள போயி பூத்தட்டையும் மஞ்சத் தட்டையும் எடுத்துக்க, வர்றப்ப எல போட்டாச்சான்னு ஒரு எட்டுப் பாத்துரு, மாமனையும் கையோட வரச் சொல்லு, சந்தனம் அலமாரி மேல இருக்குது." சமையல்கட்டுக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் போட்டோக்காரன் வழி மறித்து, பிளக்பாயிண்ட் எங்கே என்று கேட்டான். காட்டிவிட்டுத் திரும்பினால், எடுக்க வந்தது எது என்று தெரியவில்லை. பூ என்று ஒன்று மட்டும் ஞாபகத்தில் இருந்தது. எதிரே இருந்த தட்டில் வாழைப்பழத்தின் மேல் ஒரு முழம் பூ வைத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

இதில் என்ன குடி முழுகிப் போயிற்று? பழத்தட்டை வைத்துவிட்டுப் பூத்தட்டை எடுத்து வர எத்தனை நேரம் ஆகும்? சின்னாயி அத்தனை பேர் நடுவில் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏம்மா, நாலையும் ஒண்ணாச் சொன்னா நான் என்ன பண்றது?" என்று ஜெயப்பிரியா கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டாள். உடனே பழக்க தோஷத்தில் அம்மாவின் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"நீ மாத்தர போட்டயா இல்லியா?"

பெண்ணின் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன மாத்தரைங்க?"

மாமன் நாச்சிமுத்து, சின்னாயியின் கூடப்பிறந்தவர், எந்த ஓட்டையையும் பூசி மெழுகத் தெரிந்தவர், சிரித்துக்கொண்டே சொன்னார். "ஒத்தத் தலவலிங்க. கூட்டத்தக் கண்டாப் போதும், புள்ளைக்கு வந்துருது."

ரகசியம் ரகசியம் என்று அவள் வாயை வருடக்கணக்காகக் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். அதை நடுக்கூடத்தில் போட்டு உடைத்தது அம்மா. பழி வந்து விழுந்தது மகள் தலையில்.

அடுத்த வாரம் நாச்சிமுத்துவும் சின்னாயியும் இனியனும் நாமக்கல்லுக்கு வந்தார்கள். காப்பி குடிக்கும் வரை ஊர்க்கதை பேசினார்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாமன் தொண்டையைச் செருமினார்.

"அம்மிணி, இணைச்சீருக்கு அன்புச்செல்விய நிக்கச் சொல்லலாம்னு இருக்குதுங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. இந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால், தாலிக்கு முன்னால் மாப்பிள்ளைக்கும் அவன் கூடப்பிறந்தவளுக்கும் ஒரு சீர் உண்டு. அவளையும் மணப்பெண்ணைப் போலச் சிங்காரித்து, தலையில் பேழைமூடி என்கிற கூடையை ஏற்றிவிட்டு, கூறைச்சேலையின் ஒரு முனையை அவள் கையிலும் மறுமுனையை அவன் கையிலும் கொடுப்பார்கள். இன்னொருத்தி வருவதற்கு முன்னால் இவன் யாருடைய தம்பி என்று ஊரறியச் சொல்வதுதான் அது. கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் ஒன்றுவிட்ட அக்கா தங்கை நிற்பார்கள். அன்புச்செல்வி பெரியப்பா மகள். பனமரத்துப்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. நல்லவள்தான். அவளைக் கொண்டுவந்து நிறுத்தினால், இனியனுக்கு அக்கா இல்லை என்று மண்டபத்தில் மைக் வைத்துச் சொன்னதற்குச் சமம்.

"நான் உசுரோட இருக்கறப்ப அவ எதுக்கு நிக்கறா?" என்றாள் ஜெயப்பிரியா.

"அதுக்கில்ல அம்மிணி. சடங்கு நெறையா இருக்குது. ஒண்ணு மாறிப்போனாலும் சபையில சிரிப்பாங்க. ஒனக்கு ஞாபகம் நிக்காதுன்னு டாக்டரே படம் புடிச்சுக் காட்டிட்டாங்களாமே."

அவள் இனியனைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்தான். பஸ்ஸில் அழுதுகொண்டே அவள் சொன்ன வார்த்தை இப்போது மாமன் வாயிலிருந்து அவளுக்கே திரும்பி வருகிறது, அவள்மேல் குற்றம் சாட்டிக்கொண்டு.

"நீயாடா சொன்ன?"

"நல்லதுக்குத்தான் சொன்னங்க்கா. ஒனக்கு டென்சன் ஆயிரக் கூடாதுன்னு..."

"எனக்கு டென்சனா, உனக்குக் கேவலமா?"

"பாத்தயா, பாத்தயா," என்றாள் சின்னாயி, மகளைக் கைகாட்டி, அண்ணனிடம். "இப்படித்தான் ஆரம்பிக்கும்."

கோபம் நோயின் வாசற்படியாகவும் இருந்ததுண்டு, அது ஜெயப்பிரியாவுக்கே தெரியும். அதனால்தான் அவர்கள் போன பிறகு அவளே தன்னைச் சோதித்துப் பார்த்தாள். தூக்கம் வருகிறதா? வருகிறது. பேச்சு ஓடுகிறதா? இல்லை. பெரிய பெரிய யோசனைகள்? ஒன்றும் இல்லை. தம்பி காட்டிக்கொடுத்தான், அம்மா கையைக் காட்டினாள், அதனால் கோபம். யாருக்கும் வருகிற கோபம், காரணத்தோடு, அளவோடு. இப்படித் தன் கோபத்துக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது இன்னும் கோபம் வந்தது.

சாயங்காலம் நந்தகுமார் வேலையிலிருந்து வந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி உடு ஜெயா," என்றான். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு நாளா நல்லாத் தூங்குனயா?" என்றான்.

அவள் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போனாள். அவனுக்கும் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டான்.

இதில் கொடுமை என்னவென்றால், மாமன் சொன்னதை அவளும் பாதி நம்பிவிட்டாள். எத்தனையோ கல்யாணத்தில் இணைச்சீர் பார்த்திருக்கிறாள். ஆனால் கூட்டத்தில் பின்னால் நின்று பார்ப்பவளுக்குச் சேலையும் நகையும்தான் தெரியும். எத்தனை சுற்று, எந்தக் கை, எப்போது உட்காருவது, யாருக்குத் தெரியும்? மேடையில் திகைத்து நிற்பது போலவும், பள்ளிபாளையத்துக்காரர்கள் எல்லோரும் வாயைப் பொத்திச் சிரிப்பது போலவும் அவளுக்கே ஒரு காட்சி ஓடியது. அந்தப் பயத்தினால்தான் அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. வேறு ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டாள். விட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானமே நாமக்கல் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். ஜெயப்பிரியா விருந்தாளியைப் போல ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வேலை செய்யப் போனால் "நீ உக்காரு சாமி, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். உட்கார்ந்தால் "ஏன் ஒரு மாதிரியா இருக்கற?" என்றார்கள். அன்புச்செல்வி மட்டும் பக்கத்தில் வந்து, "எனக்கே சங்கடமா இருக்குதக்கா," என்று கையைப் பிடித்தாள். அவள்மேல் கோபமில்லை.

சாயங்காலம் காப்பி வேளையில் அன்புச்செல்விக்குப் போன் வந்தது. பனமரத்துப்பட்டியில் அவள் புருஷனுடைய பங்காளி ஒருவர், பெரியவர், தவறிவிட்டார். தீட்டு வந்துவிட்டது. இனி அவள் மணமேடையில் கால் வைக்க முடியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பட்டுப்புடவையைப் பையில் திணித்துக்கொண்டு, புருஷனோடு கிளம்பிவிட்டாள்.

பங்காளிகள் வகையில் நிறுத்துவதற்கு வேறு பெண் இல்லை. ஒருத்தி புருஷனை இழந்தவள், ஒருத்தி துபாயில். ஒரு கால் மணி நேரத்துக்கு மாமனும் அம்மாவும் மண்டபத்து மூலையில் தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். அப்புறம் வந்தார்கள். வேறு வழியில்லாமல் வருகிறவர்களின் நடையே தனி. பாசம் முகத்தில் முன்கூட்டியே தடவப்பட்டிருக்கும்.

"அம்மிணி, நாளைக்கி நீதான் நிக்கோணும்," என்றார் நாச்சிமுத்து. "என்ன இருந்தாலும் கூடப்பொறந்தவ நீதான?"

"அது அன்னைக்கித் தெரியலீங்களா மாமா?"

"பழசெல்லாம் எதுக்கு சாமி?" என்றாள் சின்னாயி. அவள் உள்ளங்கையைத் திறந்தாள். ஒரு வெள்ளை மாத்திரை. நோய் மோசமாக இருந்த காலத்தில், தூங்க வைப்பதற்காக டாக்டர் கொடுத்தது. எப்போதோ நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அதை அம்மா எடுத்து வைத்திருந்திருக்கிறாள், கல்யாண மண்டபத்துக்கும் எடுத்து வந்திருக்கிறாள். "காலைல எந்திரிச்சதும் இதுல பாதி போட்டுக்க. சாந்தமா நிப்ப. யாரும் ஒண்ணும் கண்டுக்க மாட்டாங்க."

ஜெயப்பிரியா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். அதையும் அவர்கள் பார்த்தார்கள், குறித்துக்கொள்கிற மாதிரி. அவள் நின்றால் போதாதாம். அரைத் தூக்கத்தில், கண் சொருகி, சொன்ன இடத்தில் பொம்மை மாதிரி நிற்க வேண்டுமாம். தம்பிக்கு அக்கா வேண்டாம், அக்காவின் அளவில் ஒரு பட்டுச்சேலை போதும்.

"இனியா," என்று கூப்பிட்டாள். அவன் நண்பர்களை விட்டுவிட்டு வந்தான். அம்மாவின் கையைக் காட்டினாள். "இதப் போட்டுட்டுத்தான் நான் உனக்கு நிக்கோணுமா? நீ சொல்லு."

அவன் மாத்திரையைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான். "அக்கா, இப்பப் போயி பிரச்சன பண்ணாதக்கா. ஒரு மணி நேரந்தான."

சேலம் வரைக்கும் மடியில் தலையைத் தாங்கியவன் இவன்தான். அந்த நன்றிக்காக அவள் அன்று கேட்டதைத் தவிர இவனிடம் இதுவரை எதற்கும் முகம் கோணியதில்லை. இப்போது அவனை ஓங்கி ஒன்று விட வேண்டும் போல இருந்தது. விடவில்லை.

பின்னால் நின்ற நந்தகுமார் முன்னால் வந்தான். இரண்டு வாரமாக இதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. "அந்த மாத்தரைய உள்ள வைங்க அத்தை," என்றான். "அவ போடறத அவ போட்டுக்கறா. டாக்டர் நிறுத்துன மருந்தக் குடுக்க நீங்க யாருங்க?"

சின்னாயி கையை மூடிக்கொண்டாள்.

"நான் நிக்கறன்," என்றாள் ஜெயப்பிரியா. "உங்களுக்கு ஆள் இல்லைங்கறதுக்காக இல்ல. அது என்னோட சீரு. ஆனா முழுசா முழிச்சுக்கிட்டுத்தான் நிப்பன்."

காலையில் அவளைச் சிங்காரித்தார்கள். தலைக்குப் பூ வைத்த பெண்களெல்லாம் அவள் முகத்தைப் பார்க்காமல் கொண்டையைப் பார்த்தே பேசினார்கள். வழக்கமான மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட்டுக்கொண்டாள். மேடைக்குப் பின்னால், சடங்கு நடத்தும் அருமைக்காரர் அருணகிரி வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், தோளில் துண்டு. அவரிடம் போய் நின்றாள். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. சொல்லாமல் மேடையேறி அவமானப்படுவதைவிட இது மேல் என்று துணிந்தாள்.

"ஏனுங்க, எனக்கு ஒரு சங்கதிங்க. நாலஞ்சு வேலைய ஒண்ணாச் சேத்திச் சொன்னா மனசுல நிக்காதுங்க. ஒண்ணொண்ணாச் சொல்லோணுங்க. அது முடிஞ்ச பொறவு அடுத்ததச் சொன்னாச் செஞ்சிருவனுங்க."

அவர் வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "எல்லாத்துக்கும் அப்புடித்தானுங்க அம்மிணி. பின்ன நான் எதுக்கு நிக்கறன்? எந்திரின்னா எந்திரிக்கறது, நட-ன்னா நடக்கறது. இணைச்சீர்க்காரி ஞாபகம் வெக்கறதுக்கு இதுல என்னங்க இருக்குது?"

ஜெயப்பிரியா அப்படியே நின்றாள்.

ஒன்றுமே இல்லை. ஞாபகம் வைக்க ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு அடியையும் வாய்விட்டுச் சொல்வதற்கென்றே ஒரு மனிதர் இருக்கிறார், எல்லாக் கல்யாணத்திலும் இருக்கிறார். பின்வரிசையில் நின்றவளுக்கு மேளச் சத்தத்தில் அது காதில் விழுந்ததில்லை, சரி. ஆனால் அம்மாவுக்கு? நாச்சிமுத்து மாமனின் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நின்றவளே சின்னாயிதானே. சேலையின் அந்த முனையைப் பிடித்திருந்தவர் மாமன்தானே. இரண்டு பேரும் இந்த மேடையில் நின்றவர்கள். ஒரு மறதிக்காரியும் செய்யக்கூடிய சடங்கு இது என்று இரண்டு பேருக்கும் முழுசாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, ஸ்கேன் படத்தைச் சொல்லி அவளைப் பயமுறுத்தினார்கள். அவளும் பயந்தாள். தன் மூளையின்மேல் தானே பழியைப் போட்டுக்கொண்டு விலகினாள்.

மேளம் ஆரம்பித்தது. மேடையில் ஒரு பக்கம் சின்னாயியும் நாச்சிமுத்துவும், பெண்ணின் அம்மாவும் இருந்தார்கள். ஜெயப்பிரியா நேராக அம்மாவிடம் போனாள். கத்தவில்லை. பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும் அளவுக்குச் சொன்னாள்.

"இதுல ஞாபகம் வெக்க ஒண்ணுமே இல்லியாமாம்மா. அருமைக்காரர் ஒண்ணொண்ணாச் சொல்லுவாராமா. மாமனுக்கு நீதான நின்ன, உனக்குத் தெரியாதா?"

சின்னாயி திரும்பிக்கொண்டாள். மேடை விளிம்பில் தொங்கிய பூச்சரத்தைச் சரிசெய்யத் தொடங்கினாள். நாச்சிமுத்து யாரையோ வரவேற்பது போல வாசலைப் பார்த்துக் கும்பிட்டார். அங்கே யாரும் இல்லை.

பெண்ணின் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சை மாற்றுவதாக நினைத்து அன்பாகவே கேட்டாள். "இப்பத் தலவலி எப்புடிங்க இருக்குது?"

"தலவலி இல்லீங்க," என்றாள் ஜெயப்பிரியா. "எனக்கு பைபோலாருங்க. மனநோய். பத்து வருசமா மருந்து சாப்படறன், வேலைக்கும் போறன். அன்னைக்கி உங்ககிட்டப் பொய் சொன்னாங்க."

அந்தம்மா அவளையும் சின்னாயியையும் மாறி மாறிப் பார்த்தாள். "சாப்டீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்லீங்க. சீரு முடியட்டும்."

அருமைக்காரர் கூப்பிட்டார். "அம்மிணி, வாங்க. இங்க நில்லுங்க." நின்றாள். "பேழைமூடியப் புடிங்க." பிடித்தாள். "தலைல வைங்க." வைத்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அவர் பொறுத்தார். அவளுக்காக இல்லை, அவர் வழக்கமே அது. "நடங்க" என்றார். சுற்றி வந்தாள். "போதும், நில்லுங்க" என்றார். கூறைச்சேலையை விரித்து ஒரு முனையை அவள் கையில் கொடுத்தார், மறுமுனையை இனியன் கையில் கொடுத்தார்.

இனியன் அவளைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. பேசியதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. "அக்கா," என்றான் மெதுவாக. "தப்புத்தான்க்கா."

"ஆமா," என்றாள். "தப்புத்தான்."

பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்திருப்பான். அவள் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவுக்கு அது ஆறவில்லை. சேலை முனையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். தம்பி அவளுடைய தம்பி, சீர் அவளுடைய சீர், கோபமும் அவளுடையதுதான். எதையும் விடுவதாக இல்லை.

போட்டோக்காரன் முன்னால் வந்து ஒற்றைக் கண்ணை மூடினான். "அக்கா, மொகம் இறுக்கமா இருக்குதுங்க. கொஞ்சம் சிரிங்க. ஆல்பத்துல இதுதான் மொதப் படம்."

மேடையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சின்னாயி பூச்சரத்தை விட்டுவிட்டு, கெஞ்சுவது போல உதட்டை விரித்துக் காட்டினாள்.

"எனக்குக் கோவமா இருக்குதுங்க," என்றாள் ஜெயப்பிரியா. "இப்படியே எடுங்க."